அளவு நோட்டின் கடைசிப் பக்கம்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நுழைந்து, ஆல்டரேஷன் அக்கா கடை எது என்று யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். புதுத் துணி தைக்கிற கடை இல்லை அது. பெரிய கடையில் ஆசை ஆசையாக வாங்கி, வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்து, வயிற்றுக்கு நேரே பொத்தான் பூட்டாமல் திருதிருவென்று விழிக்கிறவர்கள் வருகிற கடை. இளைத்தவர்கள் பெருமையாக வருவார்கள். பெருத்தவர்கள் துணிப்பையை நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவார்கள். அக்கா இரண்டு பேரையும் ஒரே கண்ணால்தான் பார்ப்பாள். "எல்லாம் சரி பண்ணிடலாம், விட்டுட்டுப் போங்க" என்பாள். எப்போது கிடைக்கும் என்று கேட்டால் தையலிலிருந்து தலையைத் தூக்காமல் "நாளைக்கு" என்பாள்.

இந்த நாளைக்கு விஷயத்தில் அவளைக் குறை சொல்ல நான் தயாரில்லை. இருபது வருஷம் மிஷின் மிதித்தவர்களுக்கு அந்தச் சொல் தும்மல் மாதிரி, தானாக வரும். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். நாளைக்கு என்றால் நாலு நாள் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொண்டு போவார்கள். அந்தச் சந்தில் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்ட ஒரே ஆள், அக்காவின் மகன்தான்.

அவனுக்கு ஊர் வைத்த பேர் டேப்பு. கழுத்தில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப் மாலையாகத் தொங்கும். சின்ன வயதில் பேச்சு வரத் தாமதமானபோது டாக்டர் அவனுக்கு ஆட்டிசம் என்றார். பேச்சு வந்த பிறகோ, முதலில் வந்தது எண்கள். கடைக்கு ஒருமுறை வந்தவரின் அளவு அவன் தலையில் ஏறிவிட்டால் இறங்காது. ஒருநாள் புதுப் புருஷனோடு வந்து நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, "போன தடவை இடுப்பு முப்பத்திநாலு. இப்ப முப்பத்தெட்டு. நாலு இஞ்ச் கூட" என்றான், கடை அதிர. அந்தப் பெண் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு, "சின்னப் பையன்மா, தெரியாம சொல்லிட்டான்" என்று கெஞ்சினாள். அவன் விடவில்லை. "அம்மா நாளைக்குன்னு சொல்றதும் பொய். இதுக்கு முன்னாடி பதினோரு உருப்படி இருக்கு. வெள்ளிக்கிழமை வாங்க" என்றான். புருஷன்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். அவர்கள் வெள்ளிக்கிழமையே வந்தார்கள், துணியும் தயாராக இருந்தது.

அவனுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. சட்டைக்குள் இருக்க வேண்டிய லேபிள் யாருக்காவது கழுத்துக்குப் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவனால் தாங்க முடியாது. தனக்கே உறுத்துகிற மாதிரி முகத்தைச் சுளிப்பான். நேரே போய், இரண்டு விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் நகர்ந்துவிடுவான். ஏழு வயதில், எட்டு வயதில் அதைச் செய்தபோது எல்லாருமே கொஞ்சினார்கள். "அட என் செல்லமே!" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். ஒரே ஒரு அம்மாள் மட்டும் முறைத்தாள். அன்றைக்கு அக்கா அவனை உட்கார வைத்துச் சொன்னாள்: "பெரியவங்க யாரும் அடுத்தவங்க சட்டையைத் தொடக் கூடாதுடா. நீ சின்னவன், அதனால பரவாயில்ல." அவன் கேட்டான்: "யாரு சின்னவங்க?" கையில் இருந்த அளவு நோட்டைத்தான் அவள் காட்டினாள். முன்பாதி சின்னவர்கள், பின்பாதி பெரியவர்கள். மார்பு முப்பது இஞ்சுக்குக் கீழே என்றால் முன்பாதி. அதில் முதல் பக்கம் அவனுடையது: மார்பு இருபத்தாறு.

அப்பாடா, புரிந்துகொண்டான் என்று அவள் நிம்மதியானாள். புரிந்துகொண்டதுதான் வினையாகப் போனது.

ஒன்பது வயதில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மஞ்சளில் சாம்பல் கட்டம் போட்ட சட்டை ஒன்று, அவளே தைத்தது, அவனுக்கு உயிர். அது உடம்பை இறுக்க ஆரம்பித்ததும், மற்ற எல்லாப் பெற்றோர்களையும் போல அவளும் புதுச் சட்டை ஒன்று எடுத்துக்கொண்டு வந்தாள். நீல நிறம், நல்ல துணி. போட்டுவிட்ட அரை நிமிஷத்தில் அவன் சுவரில் தலையை மோதிக்கொள்ள ஆரம்பித்தான். பிடித்து நிறுத்துவதற்குள் நெற்றி பிளந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். மறுபடி மாட்டிவிட்ட மஞ்சள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஊசி ஏறியபோது அவன் அழக்கூட இல்லை. அழுதது அக்காதான். அந்தக் கோணல் தையலைப் பார்த்துப் பார்த்து, இனி இவனுக்குப் புதுச் சட்டை என்ற பேச்சே கிடையாது என்று முடிவெடுத்தாள்.

வேறு அம்மாவாக இருந்தால் என்ன செய்திருப்பாளோ தெரியாது. இவளுக்குத் தெரிந்த வித்தை இவளிடம் இருந்தது. அதே துணி, கடைசிச் சுருளில் ஏழு மீட்டர் கிடந்ததை மொத்தமாக வாங்கிவந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சட்டையைத் துவைக்கும்போது மிச்சத் துணியையும் கூடவே துவைத்து, கூடவே வெயிலில் காயப்போட்டாள், சட்டை வெளுக்கிற அளவுக்கு அதுவும் வெளுக்கட்டும் என்று. பிறகு இஸ்திரி போடப் போகிறேன் என்று கடைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். லாரி ஓட்டுகிற புருஷன் ஞாயிறு மட்டும் வீட்டில் இருப்பார், பையனைப் பார்த்துக்கொள்வார். முதலில் உள்மடிப்பைப் பிரித்து விட்டாள். மடிப்பு தீர்ந்ததும் பக்கவாட்டில் பட்டை வைத்தாள். அப்புறம் முதுகுத் துணியையே மாற்றினாள், அப்புறம் கைகள், அப்புறம் முன்பக்கம். ஆறு வருஷத்தில் அந்தச் சட்டையில் பழசாக மிஞ்சியது காலரும் பையும் ஏழு பொத்தானும்தான். ஒரு ஞாயிறுகூட அவன் கண்டுபிடித்ததில்லை. அவள் வேலை அப்படி!

அவன் தூங்கும்போது சாணும் விரலுமாகத் தொட்டுத்தான் அளவெடுப்பாள், டேப் வைக்கவே மாட்டாள். எடுத்த அளவை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில், பேர் போடாமல் குறித்துவைத்து, அந்தப் பக்கத்தை அட்டைக் காகிதத்துக்குள் செருகிவிடுவாள். முதல் பக்கத்தில் இருபத்தாறு இருபத்தாறாகவே இருந்தது. அவன் தினமும் அதைப் பார்ப்பான். திருப்தியாக மூடிவைப்பான்.

ஆனால் உடம்பு சும்மா இருக்குமா? பள்ளி வேனிலிருந்து இறங்கிக் கடை வரைக்கும் அவன் காலடியை எண்ணிக்கொண்டே வருவான். ஒருகாலத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு அடி. ஒருநாள் கவலையோடு வந்து நின்றான்.

"அம்மா, சந்து சின்னதாயிடுச்சு. நூத்தி அறுபதுதான் வருது."

"ரோடு போட்டாங்கல்ல, அதுல சுருங்கிருக்கும்."

"வீட்டுக் கதவும் சின்னதாயிடுச்சு. தலை இடிக்குது."

"மரம்தானேடா. வெயிலுக்குச் சுருங்கும்."

குரல் உடைந்தபோது சளி என்றாள், வெந்நீர் கொடுத்தாள். மூக்குக்குக் கீழே கறுத்தபோது அவன் அதை அழுக்கு என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டான். அவள் எண்ணெய் தடவிவிட்டாள், உண்மையைச் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அவன் அப்படியேதான் இருந்தான், உலகம்தான் சுருங்கிக்கொண்டு வந்தது. "என்னிக்காவது சொல்லித்தானே ஆகணும்" என்றார் புருஷன். "சொல்றேன், சொல்றேன், நாளைக்கே சொல்றேன்" என்றாள் அவள்.

பதினைந்து வயது முடிகிற சமயம். அவன் படித்த சிறப்புப் பள்ளியில் சின்னவர்கள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு அவனை மாற்றப்போகிறார்கள். அடுத்த திங்கட்கிழமை முதல் அங்கே. கைத்தொழில் சொல்லித்தருவார்கள், பின்னால் வேலைக்கும் வழி செய்வார்கள். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணிக்கு, வேனிலிருந்து இறங்கியவன் பேருந்துக்குக் காத்திருந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் வெள்ளை லேபிளைப் பார்த்தான்.

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னாலிருந்து யாரோ ஒரு ஆள், ஆறடிக்குப் பக்கத்தில் உயரம், அரும்பு மீசை, கழுத்தில் விரலை வைத்தால் யார்தான் அலற மாட்டார்கள்? அலறினாள். ஆனால் அதைக் கேட்டு ஓடிவந்தார்களே நாலு பேர், அவர்களைச் சொல்ல வேண்டும். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் கை வைத்தார்கள். அவன் தடுக்கக்கூட இல்லை. காதைப் பொத்திக்கொண்டு தனக்குத் தெரிந்த ஒரே நியாயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான்: "நான் சின்னவன். மார்பு இருபத்தாறு. மார்பு இருபத்தாறு." அதைக் கேட்டதும் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். பொண்ணு மேல கை வெச்சுட்டு பேசற பேச்சைப் பாரு என்று ஒருத்தன் செருப்பைக் கழற்றினான். நாசமாய்ப் போகிறவர்கள்.

பக்கத்துக் கடை சாவிக்காரர்தான் சத்தம் கேட்டு ஓடினார். கூட்டத்தைப் பிளந்து உள்ளே போய் அவன் மேல் கவிழ்ந்துகொண்டார். அவருக்கும் இரண்டு அடி விழுந்தது. அந்தப் பெண்ணே அழுதுகொண்டு "விடுங்க, விடுங்க, அவருக்கு ஏதோ உடம்பு சரியில்லபோல" என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். கடைக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தபோது உதடு கிழிந்திருந்தது. சட்டையில் இடது கை தோளோடு பிய்ந்து தொங்கியது.

"ஏம்மா, எத்தனை நாளைக்கு அவனைக் குழந்தையாவே வெச்சிருப்பே?" என்றார் சாவிக்காரர், மூச்சு வாங்க. "என் தோளுக்கு மேல நிக்கிறான்."

"என்னைத் திட்டுங்கண்ணே" என்றாள் அவள். "நல்லாத் திட்டுங்க."

அவர் திட்டவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மகன் பிய்ந்த சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டான்: "ஏன் அடிச்சாங்க? நான் சின்னவன்தானே?" அவள் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் பள்ளியில் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷி, அவனை ஆறு வயதிலிருந்து பார்க்கிறவர். எல்லாவற்றையும் அக்கா அவரிடம் கொட்டினாள்: சட்டை, சுருங்கிய சந்து, கடைசிப் பக்கம். டீச்சர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பெரியவங்க பிரிவுல பொண்ணுங்களும் இருக்காங்க. தான் வளர்ந்துட்டோம்னு தெரியாத ஒரு பையனை நான் எப்படி அங்க உட்காரவைப்பேன், சொல்லுங்க? அவங்க அம்மாக்களுக்கு நான் பதில் சொல்லணும்ல?"

"அவனுக்குக் கெட்ட எண்ணம்னு ஒண்ணு தெரியவே தெரியாது டீச்சர்."

"எனக்குத் தெரியும். ரோட்ல அடிக்கிறவனுக்குத் தெரியுமா?" டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா மேலிடத்துல இடத்தை வேற பிள்ளைக்குக் கொடுத்துடுவாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஊருக்கே அளவெடுக்கறீங்க. அவனுக்கு ஒரே ஒரு தடவை எடுத்துக் காட்டுங்க. மெதுவா எடுத்துச் சொன்னா ஏத்துப்பான். நாங்களும் கூட இருக்கோம்."

அந்த இடம் போனால் வேறு பள்ளி கிடையாது. பதினைந்து வயதுப் பையன் கடையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, காலம் முழுவதும் லேபிளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இது அவளுக்குத் தெரியாதா? தெரியும். புதன் மாலை சொல்ல நினைத்தாள். அவன் கிழிந்த சட்டையில் ஊக்கு மாட்டிக்கொண்டு, உதட்டுக் காயத்தின் நீளத்தை டேப்பால் அளந்துகொண்டிருந்தான். எப்படிச் சொல்வது? நாளைக்கு என்று விட்டாள். வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. புருஷனுக்குப் போன் போட்டால், லோடு இறக்கவில்லை, இந்த ஞாயிறு வர முடியாது, அடுத்த வாரம் வந்து பேசிக்கொள்ளலாம் என்றார். "அடுத்த வாரம் பேசி என்ன பண்றது?" என்று கத்தினாள். அந்தப் பக்கம் மனுஷன் என்ன செய்வார் பாவம், எங்கோ ஒரு ஊரில் வண்டியோடு நிற்கிறார். "உனக்குத்தானே அவன் அளவு தெரியும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சந்தில் கடைகளெல்லாம் அடைத்திருந்தன. துவைத்துக் காய்ந்த சட்டையோடு, வேறு வழியில்லாமல் பனியனோடு மகனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். ஷட்டரைப் பாதி ஏற்றி வெளிச்சம் விட்டாள். மிச்சத் துணி ஏழு மீட்டரில் இப்போது ஒரு கைக்குட்டை அகலம்தான் இருந்தது. தோள் கிழிசலுக்கு அதை வைத்தால் சரியாகப் போகும். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு அங்குலம் அவன் வளர்ந்தால் அவளிடம் துணி கிடையாது. அவள் பிய்ந்த கையை மேசையில் விரித்து, முதுகைக் காட்டிக்கொண்டு, இழை இழையாகப் பிரித்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், இந்தத் தோளை மட்டும் மூட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவன் சும்மா இருக்கிறவன் இல்லை. அளவு நோட்டின் அட்டைக் காகிதம் ஓரத்தில் நைந்திருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை அவனுக்கு. புதுக் காகிதம் ஒட்டலாம் என்று பழையதை உரித்தான். செருகியிருந்த பக்கம் மடிப்பு விரிந்து வெளியே வந்தது.

"அம்மா. இது யாரு?"

அவள் திரும்பினாள். கையில் ஊசி.

"பேரே இல்ல. மார்பு இருபத்தெட்டு, அப்புறம் முப்பது, முப்பத்தொண்ணரை, முப்பத்திமூணு, முப்பத்தாறு. ஒரே ஆளுதான். ஆறு வருஷம். தேதியெல்லாம் ஞாயித்துக்கிழமை." அவன் குரலில் சந்தோஷம்கூட இருந்தது, தெரியாத ஒரு வாடிக்கையாளரைக் கண்டுபிடித்த சந்தோஷம். "இந்த அளவுக்கு யாருமே வர்றதில்லையே. எனக்கு எல்லாரையும் தெரியும். யாரும்மா?"

இதுதான் சமயம். டீச்சர் சொன்ன மாதிரி மெதுவாக, கையைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னதாகச் சொல்லியிருக்கலாம். அவள் கண் தன்னை மீறி மேசைக்குப் போயிற்று, விரித்துப்போட்ட மஞ்சள் சட்டைக்கு. அவன் எந்த முகத்தையும் படிக்கத் தெரியாதவன் என்று டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். அம்மாவின் முகத்தைப் படித்துவிட்டான்.

கழுத்திலிருந்து டேப்பை உருவினான். ஆறு வருஷமாக ஊரை அளந்த டேப்பைத் தன் மார்பைச் சுற்றிப் பிடித்தான். குனிந்து எண்ணைப் பார்த்தான். விட்டுவிட்டு மறுபடியும் பிடித்தான். மூன்றாவது தடவையும் அதே எண்தான் வந்தது.

அவன் மோதிக்கொள்வானோ என்று அவள் சுவருக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றாள். அவன் மோதிக்கொள்ளவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால்கூட அவளுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

"முப்பத்தாறு" என்றான்.

"ஆமாண்டா கண்ணா."

"பெரியவங்க பக்கம்."

"எல்லாரும் வளருவாங்கடா. அப்பா வளரலியா, நான் வளரலியா? அது நல்லதுதான். அம்மாதான் உங்கிட்ட முன்னாடியே சொல்லாம தப்புப் பண்ணிட்டேன். அம்மா மேலதான் தப்பு."

அதெல்லாம் அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஏதோ கணக்கைச் சரிபார்க்கிறவன் போல நோட்டில் விரலை வைத்திருந்தான்.

"செவ்வாய்க்கிழமை அந்த அக்காவோட லேபிளைத் தள்ளினேன். அப்ப நான் முப்பத்தாறா?"

"ஆமா."

"பெரியவங்க தொடக் கூடாது."

"கூடாதுதான், ஆனா..."

"அப்ப அடிச்சது சரி."

"இல்லடா! அடிச்சது சரியில்ல. யாரும் உன்னை அடிக்கக் கூடாது. அது சரியே இல்ல!" அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் விலகிக்கொண்டான். தொட்டால் பிடிக்காது என்று தெரிந்தும் அவளுக்குக் கை நிற்கவில்லை. என்னென்னவோ சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே ஒன்று புரிந்தது: அவள் சொல்கிற எதையும் இனி அவன் எந்த நோட்டில் வைத்துச் சரிபார்ப்பான்? இருந்த ஒரே நோட்டையும் அவள்தான் பொய்யாக்கி வைத்திருக்கிறாள்.

அவன் மேசையிலிருந்து நீல சாக்பீஸை எடுத்துக்கொண்டு, துணிகளில் குத்துகிற அளவுச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, போட்டுப் பார்க்கிறவர்களுக்கென்று தொங்கவிட்டிருந்த திரைக்குப் பின்னால் போனான். போகட்டும், கொஞ்சம் தனியாக இருக்கட்டும் என்று விட்டாள். திரைக்குக் கீழே அவன் பாதங்கள் தெரிந்தன. எவ்வளவு பெரிய பாதங்கள்! ஆறு வருஷமாகச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவள் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. அவள் முக்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டீச்சருக்கு என்ன சொல்வது, நாளைக்குக் காலையில் இவனை எப்படி வேனில் ஏற்றுவது, ஒன்றும் ஓடவில்லை.

திரை விலகியது.

இரண்டு தோளிலும், எலும்பிலிருந்து உள்தள்ளி, நீலக் கோடு போட்டிருந்தான். மணிக்கட்டுக்கு ஒரு சாண் மேலே கையைச் சுற்றி ஒரு கோடு. முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு. கால்சட்டையைச் சுருட்டிவிட்டிருந்தான். மூக்குக்குக் கீழே, அழுக்கு என்று நினைத்துத் தேய்த்த இடத்தில், ஒரு பெருக்கல் குறி. எல்லாக் கோடும் துல்லியம், டேப் வைத்துப் போட்டது. பனியனில் குண்டூசியால் சீட்டு ஒன்றைக் குத்தியிருந்தான். கடையில் வருகிற ஒவ்வொரு துணிக்கும் குத்துகிற அதே சீட்டு. 'உருப்படி ஒன்று. மார்பு 36. வேண்டியது 26. அவசரம்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்.

"அம்மா, சின்னதாக்கிக் குடு" என்றான்.

அவள் எழுந்து நின்றாள்.

"கோடு நானே போட்டுட்டேன். நீ பிரிச்சுத் தைச்சா போதும். இருபத்தாறு ஆனா யாரும் அடிக்க மாட்டாங்க."

"கண்ணா, மனுஷங்களை அப்படிப் பண்ண முடியாதுடா."

"முடியும்." நெற்றியில் இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினான். "ஏற்கெனவே மூணு தையல் போட்டிருக்கு. அப்ப நான் அழல. இப்பவும் அழ மாட்டேன். அசையவும் மாட்டேன்."

மேசையில் பெரிய கத்தரி இருந்தது. அவள் பின்பக்கமாகக் கையை நீட்டி, அவன் பார்க்காதபடி, பிய்ந்த சட்டையை அதன் மேல் இழுத்துப் போட்டாள். முழங்கை பட்டுப் பொத்தான் டப்பா கவிழ்ந்து, தரையெல்லாம் பொத்தான் சிதறியது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவன் உட்கார்ந்து பொறுக்கியிருப்பான். இன்றைக்கு அசையவில்லை. அசைய மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான் அல்லவா?

"எல்லாம் சரி பண்ணிடலாம்னு எல்லார்கிட்டயும் சொல்லுவியே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்தினான், அவ்வளவுதான். பிறகு, வாடிக்கையாளர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"எப்ப கிடைக்கும்?"

அவள் எதுவும் யோசிக்கவில்லை. இருபது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நாளைக்கு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. பொய் என்று சொல்லுவான், சொல்லட்டும், எத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறான், இப்போதும் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் சொல்லவில்லை. துணி கொடுக்க வருகிறவர்களுக்குச் செய்கிற மாதிரியே சீட்டைக் கழற்றிப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியை அவள் கையில் கொடுத்து, மறு பாதியைத் தானே வைத்துக்கொண்டான். வெளியே போய், வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். கோடு அழிந்துவிடாமல் இருக்க இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, நாளைக்காகக் காத்திருந்தான்.